"சபை விதி தடுக்கிறது" என்று எம்.பி. சொன்னால் நம்பலாமா?

கேள்வி: எங்கள் தொகுதி மக்களவை உறுப்பினர், ஒப்பந்தத் தொழிலாளர்களுக்குப் பணிப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவருவேன் என்று சொல்லித்தான் ஜெயித்தார். இப்போது கேட்டால், "தனிநபர் மசோதா கொடுத்தேன், விவாதத்துக்கே வரவில்லை, சபை விதி அப்படி" என்கிறார். அவர் எதிர்ப்பதாகச் சொன்ன வேறொரு மசோதா நிறைவேறியபோது எந்தப் பக்கம் ஓட்டுப் போட்டார் என்று தேடினேன், எங்கும் இல்லை. இவரைப் பாதியில் திரும்ப அழைக்க வழி உண்டா? இல்லையென்றால் அடுத்த தேர்தலில் நோட்டாவை அழுத்தினால் உறைக்குமா?

பதில்: முதலில் கடைசி இரண்டு கேள்விகளை முடித்துவிடலாம். எம்.பி., எம்.எல்.ஏ. யாரையும் வாக்காளர்கள் திரும்ப அழைக்க இந்தியச் சட்டத்தில் இடமில்லை. உயர் நீதிமன்றத்தில் தேர்தல் வழக்குப் போடலாமே என்று சிலர் சொல்வார்கள். அது தேர்தலில் நடந்த முறைகேடு, வேட்பாளரின் தகுதியின்மை போன்ற காரணங்களுக்குத்தான், அதுவும் முடிவு வந்த 45 நாளுக்குள். வாக்குறுதியைக் காப்பாற்றவில்லை என்பது அதில் எடுபடாது. நோட்டா 2013 முதல் இருக்கிறது. ஆனால் நோட்டா முதலிடம் பிடித்தாலும் அடுத்து வரும் வேட்பாளர்தான் வெற்றி பெற்றவர். 2024-ல் இந்தூர் தொகுதியில் 2 லட்சத்துக்கும் மேற்பட்டோர் நோட்டாவை அழுத்தினார்கள். ஜெயித்தவர் ஜெயித்தபடியே டெல்லி போனார். கோபத்தைப் பதிவு செய்ய அது போதும், ஒருவரைப் பதில் சொல்ல வைக்கப் போதாது.

சரி, விஷயத்துக்கு வருவோம். உங்கள் எம்.பி. சொல்வது பொய்யில்லை. அமைச்சர் அல்லாத உறுப்பினர் கொண்டுவருவதுதான் தனிநபர் மசோதா. கூட்டத்தொடர் நடக்கும் வாரங்களில் வெள்ளிக்கிழமை மதியம் கடைசி இரண்டரை மணி நேரம்தான் தனிநபர் அலுவல்களுக்கு ஒதுக்கப்படுகிறது. எந்த மசோதா விவாதத்துக்கு வரும் என்பதில் குலுக்கலுக்குப் பெரிய பங்கு உண்டு. சுதந்திரத்துக்குப் பிறகு இரு அவைகளிலும் நிறைவேறிய தனிநபர் மசோதாக்கள் மொத்தம் 14. கடைசியாக நிறைவேறியது 1970-ல். தி.மு.க.வின் மாநிலங்களவை உறுப்பினர் திருச்சி சிவா கொண்டுவந்த திருநர் உரிமை மசோதாவை 2015 ஏப்ரலில் மாநிலங்களவை நிறைவேற்றியது, அதுவே அபூர்வம். ஆனாலும் மக்களவையில் அது நிறைவேறவில்லை. 2019-ல் வந்த சட்டம், அரசு தன் பங்குக்குத் தனியாகக் கொண்டுவந்த மசோதா.

ஆகவே "மசோதா கொடுத்தேன்" என்பதைச் சாதனையாகவும் எடுக்க வேண்டாம், "நிறைவேறவில்லை" என்பதைக் குற்றமாகவும் எடுக்க வேண்டாம். நிறைவேறாது என்று தெரிந்தே கொடுப்பதுதான் தனிநபர் மசோதா. அரசை அந்தப் பக்கம் திருப்பிப் பார்க்க வைப்பதே அதன் பயன். என்னைக் கேட்டால், சட்டம் கொண்டுவருவேன் என்று ஒரு தனி வேட்பாளர் மேடையில் சொன்னபோதே உங்களுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

அவர் எப்படி ஓட்டுப் போட்டார் என்று கிடைக்கவில்லை என்கிறீர்கள். பெரும்பாலான மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பில்தான் நிறைவேறுகின்றன. ஆதரிப்பவர்களும் எதிர்ப்பவர்களும் சத்தமாகச் சொல்வார்கள், எந்தப் பக்கம் அதிகம் என்று அவைத் தலைவர் முடிவு செய்வார். யார் என்ன சொன்னார் என்பது பெயரோடு எங்கும் பதிவாகாது. ஒரு உறுப்பினர் எழுந்து 'டிவிஷன்', அதாவது ஓட்டுகளை எண்ணும் வாக்கெடுப்பு, கேட்டால்தான் பெயர்வாரியாகப் பதிவாகும். அரசியல் சாசனத் திருத்தம் என்றால் வெறும் பெரும்பான்மை போதாது, சிறப்புப் பெரும்பான்மை வேண்டும், அதனால் அங்கே டிவிஷன் தப்பாது. 2023 செப்டம்பரில் மகளிர் இடஒதுக்கீட்டுத் திருத்தத்துக்கு மக்களவையில் ஆதரவு 454, எதிர்ப்பு 2 என்று துல்லியமாகச் சொல்ல முடிவது அதனால்தான்.

அதனால் உங்கள் கேள்வியைக் கொஞ்சம் மாற்றுங்கள். "நீங்கள் எதிர்த்த மசோதாவுக்குத் திருத்தம் கொடுத்தீர்களா? டிவிஷன் கேட்டீர்களா?" என்று கேளுங்கள். திருத்தம் கொடுத்திருந்தால் அவை ஆவணத்தில் இருக்கும். டிவிஷன் கேட்டும் கிடைக்காமல் போவதும் உண்டு. 2020 செப்டம்பரில் வேளாண் மசோதாக்களுக்கு மாநிலங்களவையில் எதிர்க்கட்சிகள் டிவிஷன் கேட்டன. கேட்டவர்கள் தங்கள் இருக்கையில் இல்லை என்ற காரணம் சொல்லப்பட்டு, அமளிக்கு நடுவே குரல் வாக்கெடுப்பிலேயே அவை நிறைவேறின. அப்படி நடந்திருந்தால் அதையும் நடவடிக்கைக் குறிப்பில் பார்க்கலாம்.

அப்புறம் கொறடா, அதாவது எப்படி ஓட்டுப் போட வேண்டும் என்று கட்சி சார்பில் உறுப்பினர்களுக்கு உத்தரவிடுபவர். 1985-ல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டப்படி, கொறடா உத்தரவை மீறி ஓட்டுப் போட்டாலோ, ஓட்டெடுப்பைப் புறக்கணித்தாலோ, கட்சி 15 நாளுக்குள் மன்னிக்காவிட்டால் பதவி போய்விடலாம். அதாவது பெரிய மசோதாக்களில் உங்கள் எம்.பி.யின் ஓட்டு அவருடையதல்ல, அவருடைய கட்சித் தலைமையுடையது. இதற்காக அவர் மேல் மட்டும் கோபப்படுவதில் நியாயமில்லை. அந்தக் கணக்கைக் கட்சிக்கு எதிராக எழுதுங்கள். தேர்தல் நாளில் நீங்கள் அழுத்தும் ஒரே பொத்தானில் இரண்டு பேரைப் பற்றிய தீர்ப்பு இருக்கிறது: வேட்பாளர், அவருடைய தலைமை. தலைமையை மறந்து வேட்பாளரின் குணநலத்தை மட்டும் அலசுவதுதான் நம்மில் பலர் செய்கிற காரியம்.

அப்படியானால் எம்.பி.யைத் தனியாக எதை வைத்து அளப்பது? யார் உத்தரவும் இல்லாமல் அவர் தானாகச் செய்யக்கூடியவை சில உண்டு. அவை எல்லாமே எழுத்தில் தடம் விட்டுப் போகும்.

கேள்வி நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மக்களவையில் ஒரு நாளைக்கு நட்சத்திரக் குறியிட்ட கேள்விகள் 20, அவற்றுக்கு வாய்மொழிப் பதில். எழுத்துப் பதிலுக்கான கேள்விகள் 230 வரை. யார் கேட்டார், அமைச்சர் என்ன சொன்னார் என்பது நாடாளுமன்ற இணையதளத்தில் பெயர்வாரியாகத் தேடக் கிடைக்கும். எண்ணிக்கையைப் பார்த்து மயங்க வேண்டாம். அமைச்சகத்தின் ஆண்டறிக்கையிலேயே இருக்கிற புள்ளிவிவரத்தைக் கேட்டு நூறு கேள்வி சேர்ப்பவர்களும் உண்டு. உங்கள் எம்.பி. ஒப்பந்தத் தொழிலாளர் பற்றி ஒரு கேள்வியாவது கேட்டாரா, பதில் மழுப்பலாக வந்தபோது அடுத்த கூட்டத்தொடரில் மறுபடி கேட்டாரா என்று பாருங்கள். "பரிசீலிக்கப்படும்" என்பது போன்ற அமைச்சரின் பதில் பல நேரம் அரசு உறுதிமொழியாகக் கணக்கில் வரும். மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும், இல்லாவிட்டால் நாடாளுமன்றத்தின் உறுதிமொழிக் குழு துரத்தும். ஒரு நல்ல எம்.பி. அந்த ஒரு வார்த்தையை வாங்குவதற்காகவே கேள்வி போடுவார். மேடையில் மசோதா பற்றிப் பேசுவதைவிட இது பல மடங்கு உருப்படியான வேலை.

இன்னொன்று நிலைக்குழு, துறைவாரியாக மசோதாக்களை ஆராயும் எம்.பி.க்கள் குழு. தொழிலாளர் துறைக்கும் ஒன்று இருக்கிறது. குழு அறிக்கையின் பின்னிணைப்பில் ஒவ்வொரு அமர்வுக்கும் யார் வந்தார்கள் என்ற பட்டியல் இருக்கும். மசோதா மீதான அறிக்கையை ஏற்காதவர் தன் பெயரில் மறுப்புக் குறிப்பு எழுதலாம். அவையில் கொறடாவுக்குப் பயந்து வாய் மூடியவர் இங்கே என்ன செய்தார் என்பது அவரைப் பற்றி நிறையச் சொல்லும். உங்களவர் அந்தக் குழுவில் இல்லையென்றால் இதை விட்டுவிடுங்கள்.

வருகைப் பதிவேட்டை ஊடகங்கள் பெரிதாகப் போடும். அது வருகையைப் பதிவு செய்த நாட்களின் கணக்கு, உட்கார்ந்திருந்த நேரத்தின் கணக்கல்ல. அமைச்சர்கள் வருகையைப் பதிவு செய்வதே இல்லை, கேள்வி கேட்பதும் இல்லை. உங்கள் எம்.பி. அமைச்சராக இருந்திருந்தால் அந்த அளவுகோல்கள் பொருந்தாது.

இதையெல்லாம் எடுத்துவைத்த பிறகு எப்போது பயன்படுத்துவது? ஓட்டுப் போடும் நாள் வரை காத்திருக்க வேண்டாம், அன்றைக்கு உங்களால் ஒரு ஓட்டுதான் போட முடியும். கட்சிகள் வேட்பாளரை முடிவு செய்வதற்கு முந்தைய மாதங்கள்தான் எம்.பி.க்கு உறுத்தும் காலம். படிவம் 20 என்று ஒன்று உண்டு, வாக்குச்சாவடி வாரியான முடிவு. மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் அது கிடைக்கும். உங்கள் பகுதிச் சாவடிகளில் போன முறை அவருக்கு எவ்வளவு விழுந்தது என்று எடுத்துக்கொள்ளுங்கள். தொகுதிப் பொறுப்பாளர்கள் இந்தக் காகிதத்தை வைத்துத்தான் உட்கார்ந்து பேசுவார்கள். ஒப்பந்தத் தொழிலாளர்கள் அதிகம் வாழும் சாவடிகளிலிருந்து சிலர் சேர்ந்து கையெழுத்திட்டு, மேலே சொன்ன கேள்விகளைத் தேதி குறிப்பிட்டு எம்.பி.க்கு அனுப்புங்கள். கட்சியின் மாவட்ட அலுவலகத்துக்கும் ஒரு நகல். அதே கேள்விகள் எதிர்த்து நிற்கப் போகிறவர்களுக்கும் போகட்டும், அவர்களும் அதே மேடை வாக்குறுதியைத் தூக்கிக்கொண்டுதான் வருவார்கள்.

தேதியைக் கவனியுங்கள். மக்களவைக் கேள்விக்குக் குறைந்தது 15 முழு நாள் முன்னறிவிப்பு வேண்டும். தேர்தலுக்கு முந்தைய கடைசிக் கூட்டத்தொடர் பெரும்பாலும் இடைக்கால பட்ஜெட்டோடு சுருக்கமாக முடிந்துவிடும். அவை கலைந்தால், மக்களவையில் நிலுவையில் உள்ள மசோதாக்களும் காலாவதி. 2010-ல் மாநிலங்களவை நிறைவேற்றிய மகளிர் இடஒதுக்கீட்டு மசோதாவே மக்களவையில் கிடந்து 2014-ல் அப்படித்தான் போனது. எனவே அதற்கு முந்தைய குளிர்காலக் கூட்டத்தொடரிலேயே ஒரு கேள்வி போடச் சொல்லி எழுதுங்கள், கேள்வி வாசகத்தையும் நீங்களே எழுதிக் கொடுங்கள். அவர் போட்டு, கேள்வி ஏற்கப்பட்டுப் பட்டியலில் வந்தால் அமைச்சரின் பதில் உங்கள் கையில் இருக்கும். போடாவிட்டால் அதற்குச் சபை விதியைக் காரணம் சொல்ல அவரால் முடியாது.