கட்டணமா, மனநிம்மதியா: மருத்துவக் கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும் மாணவிக்கு ஒரு பதில்

கேள்வி: பொள்ளாச்சிக்கு அருகிலுள்ள கிராமத்தில், தென்னை விவசாயக் குடும்பத்தைச் சேர்ந்தவள் நான். தனியார் பள்ளியில் படித்ததால், அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள்ஒதுக்கீடு எனக்குக் கிடையாது. இரண்டாம் முறை நீட் எழுதி, இப்போது தரவரிசைப் பட்டியலில் இருக்கிறேன். என் இடத்துக்கு இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி கிடைக்கும் என்கிறார்கள். கோவையில் ஒரு சுயநிதிக் கல்லூரியின் அரசு ஒதுக்கீட்டு இடமும் கிடைக்கும். கோவைக் கல்லூரியைப் பார்த்த அன்றே எனக்குப் பிடித்துவிட்டது. பள்ளித் தோழிகள் இருவர் அங்கே சேர்கிறார்கள்; நினைத்தால் வீட்டுக்கு வந்துவிடலாம். சென்ற ஆண்டு நாமக்கல்லில் பயிற்சி மைய விடுதியில் தங்கியபோது சரியாகச் சாப்பிடாமல், தூங்காமல் மிகவும் தவித்தேன். கோவையில் சேர்வதானால் ஏறத்தாழ 15 லட்சம் ரூபாய் கடன் வாங்க வேண்டும். ‘பணத்தைப் பத்தி நீ கவலைப்படாத கண்ணு’ என்கிறார் அப்பா. எனக்குக் கவலையாகத்தான் இருக்கிறது. எதைத் தேர்ந்தெடுப்பது?

பதில்: கடிதத்தில் உள்ள விவரங்களை மட்டும் வைத்துச் சொல்வதானால், அரசுக் கல்லூரியில் சேருங்கள் என்பதே என் பரிந்துரை. ஆனால் விடுதியில் சாப்பிடாமல் தூங்காமல் தவித்ததாக எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரி இந்தப் பரிந்துரையையே மாற்றிவிடக்கூடியது. முதலில் பணக் கணக்கைப் பார்த்துவிட்டு அதற்கு வருகிறேன்.

அரசுக் கல்லூரியில் ஓராண்டுக் கல்விக் கட்டணம் சில ஆயிரம் ரூபாய்தான். விடுதியையும் உணவையும் சேர்த்தாலும் ஒரு விவசாயக் குடும்பம் திட்டமிட்டுச் சமாளிக்கக்கூடிய தொகை. சுயநிதிக் கல்லூரியின் அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கு, கட்டண நிர்ணயக் குழு அண்மை ஆண்டுகளில் வகுத்துவந்த கல்விக் கட்டணம் ஆண்டுக்கு ஏறத்தாழ 4.5 லட்சம் ரூபாய். இவ்வாண்டுக்குரிய தொகையை, மாணவர் சேர்க்கையை நடத்தும் தேர்வுக் குழுவின் தகவல் கையேட்டில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். விடுதி, உணவு, பேருந்து, தேர்வுக் கட்டணம் ஆகியவை தனி. அவற்றுக்கு எவ்வளவு என்பதைக் கல்லூரியிடமிருந்து எழுத்தில் வாங்க வேண்டும், ஏனெனில் குடும்பங்கள் தடுமாறுவது பெரும்பாலும் கல்விக் கட்டணத்தில் அன்று, அதன் பின்னால் ஒவ்வோர் ஆண்டும் வந்து சேரும் இந்தத் துணைக் கட்டணங்களில்தான். நிர்ணயித்ததற்கு மேல் கல்விக் கட்டணம் கேட்டால் அந்தக் குழுவிடமே புகார் செய்யலாம்.

இனி அந்த 15 லட்சம். ஆண்டுக்கு 3 லட்சம் வீதம் ஐந்து தவணைகளில் வங்கி அதைக் கொடுக்கிறது என்றும், வட்டி 10 சதவீதம் என்றும் வைத்துக்கொள்வோம். படிப்பும் பயிற்சியும் சேர்ந்த ஐந்தரை ஆண்டுகளிலும் அதன் பின் ஓராண்டும் நீங்கள் எதையும் கட்டாமல் இருந்தால், தனிவட்டியாகக் கணக்கிட்டாலும் 6.75 லட்சம் சேர்ந்து, கடன் 21.75 லட்சமாகிவிடும். அதைப் பத்தாண்டுகளில் அடைக்க மாதம் ஏறத்தாழ 28,700 ரூபாய் கட்ட வேண்டும்; பதினைந்து ஆண்டுகள் என்று நீட்டித்தால் மாதம் 23,400 ரூபாய். படிக்கும் காலத்திலேயே வட்டியை மட்டும் அப்பா கட்டிவந்தால் இந்தச் சுமை கணிசமாகக் குறையும், ஆனால் தென்னையில் வாடலும் விலைச் சரிவும் வந்துபோகும் ஊரில் அந்தப் பணம் மாதந்தவறாமல் வரும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. வங்கிகளின் மாதிரிக் கல்விக்கடன் திட்டத்தில் 7.5 லட்சத்துக்கு மேல் கடன் வாங்கினால் சொத்துப் பிணை கேட்பார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்; அப்பா சொல்லாமல் விட்டிருப்பது அநேகமாக இதுவாகத்தான் இருக்கும். ஒன்றிய அரசின் வித்யாலட்சுமி திட்டத்தில், ஆண்டு வருமானம் 8 லட்சத்துக்குட்பட்ட குடும்பங்களுக்கு 10 லட்சம் வரையிலான கடனில் 3 சதவீத வட்டிச் சலுகை உண்டு. அது தரவரிசை அடிப்படையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்களுக்கு மட்டுமே பொருந்தும் என்பதால், நீங்கள் நினைக்கும் கல்லூரி அதில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

தொகையின் அளவைவிட, அது எந்த வயதில் உங்கள் கழுத்தில் வந்து விழுகிறது என்பதுதான் எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. பயிற்சி மருத்துவர் காலம் முடிந்து ஓராண்டில் தவணை தொடங்கும். அப்போது உங்களுக்கு இருபத்தைந்து, இருபத்தாறு வயதிருக்கும். முதுநிலை நுழைவுத் தேர்வுக்கு உட்கார்ந்து படிக்க வேண்டியதும், விரும்பிய துறை கிடைக்காவிட்டால் இன்னொரு முறை எழுதலாமா என்று யோசிக்க வேண்டியதும், வீட்டில் திருமணப் பேச்சு எழுவதும் ஏறக்குறைய அந்த ஒன்றிரண்டு ஆண்டுகளுக்குள்தான். மாதம் 28,700 ரூபாய் கட்டியாக வேண்டிய மருத்துவர், தனியார் மருத்துவமனையில் இரவுப் பணி மருத்துவராகச் சேர்ந்துவிட்டு, பகலில் கண்ணைக் கசக்கிக்கொண்டு படிக்கிறார். மனநல மருத்துவம் படிக்க ஆசைப்பட்டவர், எந்தத் துறையில் விரைவில் சம்பாதிக்கலாம் என்று கணக்குப் போடத் தொடங்குகிறார். மருத்துவக் கல்லூரியில் கற்பித்த ஆண்டுகளில் இப்படிச் சுருங்கிப்போன நல்ல மாணவர்களைப் பார்த்திருக்கிறேன் என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். கோவைக் கல்லூரி இன்று உங்களுக்குத் தரும் நிம்மதிக்கான விலையை, நிம்மதி மிகவும் தேவைப்படும் அந்த ஆண்டுகளில் நீங்கள் திருப்பிக் கட்ட வேண்டியிருக்கும். அதையும் உங்கள் மகிழ்ச்சிக் கணக்கிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

படிப்பின் தகுதியைப் பற்றி நெடுநேரம் பேச வேண்டியதில்லை. இரண்டு கல்லூரிகளும் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை என்றால் பாடமும் தேர்வும் பட்டமும் ஒன்றுதான். முதுநிலை நீட் தேர்வு நீங்கள் எங்கே படித்தீர்கள் என்று கேட்பதில்லை. அரசுப் பணிக்கு ஆளெடுக்கும் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியமும் கேட்பதில்லை.

வேறுபாடு இருப்பது வார்டில். இராமநாதபுரம் கல்லூரி, 2022 ஜனவரியில் தமிழ்நாட்டில் ஒரே நாளில் திறக்கப்பட்ட 11 அரசு மருத்துவக் கல்லூரிகளுள் ஒன்று. கல்லூரி புதியதாக இருந்தாலும், இத்தகைய கல்லூரிகள் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளைச் சார்ந்தே அமைந்தவை என்பதால் நோயாளிகளுக்குப் பஞ்சமிருக்காது. பிரசவம், பாம்புக்கடி, பூச்சிமருந்து குடித்து வருபவர்கள், சாலை விபத்து என்று ஓர் அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவு ஓராண்டில் காட்டும் நோய்களைச் சில தனியார் மருத்துவமனைகளில் ஐந்தாண்டு இருந்தாலும் பார்க்க முடியாது. அதே நேரம், புதிய அரசுக் கல்லூரிகளுக்கென்று ஒரு குறையும் உண்டு. பேராசிரியர்கள் பணியிட மாற்றத்தில் வந்து போவார்கள். முதுநிலை மாணவர்கள் குறைவாக உள்ள துறையில், இரவுப் பணியில் பக்கத்தில் நின்று சொல்லித்தர ஆளிருக்காது. ஆகவே இரண்டு கல்லூரிகளுக்கும் போய் இறுதியாண்டு மாணவர்களையும் பயிற்சி மருத்துவர்களையும் கேளுங்கள்: எத்தனை பிரசவம் பார்த்தீர்கள், எத்தனை தையல் போட்டீர்கள், படுக்கைகள் எப்போதும் நிறைந்திருக்கின்றனவா, பயிற்சிக் கால உதவித்தொகை முழுமையாகக் கைக்கு வருகிறதா? வரவேற்பறையில் கிடைக்கும் பதிலைவிட உணவகத்தில் கிடைக்கும் பதில் உண்மைக்கு நெருக்கமாக இருக்கும்.

இப்போது உங்கள் நாமக்கல் ஆண்டுக்கு வருவோம். அது எந்த வகைத் துன்பம் என்பதை நீங்களே நிதானமாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். பயிற்சி மைய விடுதி என்பது கைபேசியை வாங்கி வைத்துக்கொண்டு, விடியற்காலை முதல் இரவு வரை தேர்வுத்தாளும் மதிப்பெண்ணுமாக, ஒருமுறை தோற்றுவிட்டோம் என்ற எண்ணத்தோடு வாழும் இடம். அங்கே தவிக்காதவர்களே குறைவு. மருத்துவக் கல்லூரி விடுதியில் அந்த நெருக்கடி இருக்காது. அறைத்தோழி இருப்பார், வெளியே போய்வரலாம், இரவில் அம்மாவிடம் பேசலாம், முக்கியமாக, இடம் கிடைக்குமா என்ற அச்சம் முடிந்துபோயிருக்கும். வீட்டைப் பிரிந்த ஏக்கம் மட்டுமே என்றால் முதல் உள்தேர்வு முடிவதற்குள் பெரும்பாலும் தணிந்துவிடும். ஆனால் நாமக்கல்லிலிருந்து வீடு திரும்பிய பிறகும் பல வாரங்கள் தூக்கமும் பசியும் திரும்பவில்லை, எதிலும் பிடிப்பில்லை, வாழ வேண்டாம் என்ற எண்ணம் ஒருமுறையேனும் வந்தது என்றால், அது ஏக்கம் அன்று. மனச்சோர்வு நோயாக இருக்கக்கூடும். அப்படியானால் கலந்தாய்வுக்கு முன்பே ஒரு மனநல மருத்துவரைப் பார்த்து, வீட்டிலிருந்து ஏறத்தாழ முந்நூறு கிலோமீட்டர் தள்ளிப் போகலாமா என்று அவரிடமே கேளுங்கள். இப்போது வேண்டாம் என்று அவர் சொன்னால், கடன் வாங்கிக் கோவையில் சேர்வதே சரி. அதில் எனக்குத் தயக்கமே இல்லை. எம்.பி.பி.எஸ். முதலாண்டுத் தேர்வுக்கு நான்கு வாய்ப்புகள்தான். கருத்தியல் வகுப்பில் 75 சதவீதமும் செய்முறையில் 80 சதவீதமும் வருகை இல்லாவிட்டால் தேர்வே எழுத முடியாது. உடல்நிலை கெட்டு ஓராண்டு போனால், கட்டணத்தில் மிச்சப்படுத்தியதன் பொருள் என்ன?

பிறகு இடம் மாறிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் அதை நம்பி முடிவெடுக்காதீர்கள். தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023ஆம் ஆண்டு ஒழுங்குமுறை, ஒரு கல்லூரியில் சேர்ந்தவர் வேறொரு கல்லூரிக்கு மாறுவதற்கு இடமில்லை என்று சொல்லி எழுதப்பட்டது. சேர்ந்துவிட்டுக் குறிப்பிட்ட நாளுக்குப் பின் விலகினால் அபராதமும் உண்டு.

தோழிகள் இருவர் இருப்பதை நான் சிறிதாக நினைக்கவில்லை. என்றாலும், வருகைப் பதிவேட்டின் வரிசைப்படி உடற்கூறியல் மேசையும், பிறகு வார்டுக் குழுவும் பிரிக்கப்படும்போது, உங்களோடு நாள் முழுவதும் இருக்கப்போகிறவர்கள் இன்று உங்களுக்குப் பெயர்கூடத் தெரியாதவர்கள். வீட்டுக்கு அருகில் என்பதையும் கொஞ்சம் சோதித்துப் பாருங்கள். பொள்ளாச்சியிலிருந்து கோவைக்குத் தினமும் 40 கிலோமீட்டர் போய்வருவது முதலாண்டில் முடியலாம், ஆனால் மாலை நேர வார்டுப் பணியும் பயிற்சிக் காலத்து இரவுப் பணியும் தொடங்கிய பின் முடியாது. சில தனியார் கல்லூரிகளில் முதலாண்டில் விடுதியில் தங்கச் சொல்வார்கள். அப்படியானால் கோவையிலும் விடுதி வாழ்க்கைதான்.

இரண்டே வழிகள் இருப்பதாக நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. கலந்தாய்வின் முதல் சுற்றில் இடம் பெற்றுச் சேர்ந்தவர்கள், இரண்டாம் சுற்றில் மேல்விருப்பக் கல்லூரிக்கு, அதாவது தங்கள் விருப்பப் பட்டியலில் அதற்கு மேலே வைத்த கல்லூரிக்கு, விண்ணப்பிக்க முடியும். கோவை அரசு மருத்துவக் கல்லூரியும் கோவை இ.எஸ்.ஐ. கல்லூரியும் உங்கள் தரவரிசைக்கு எட்டாமல் போகலாம், ஆனால் திருப்பூர், நீலகிரி, திண்டுக்கல், நாமக்கல் அரசுக் கல்லூரிகள் எல்லாமே இராமநாதபுரத்தைவிட உங்களுக்கு அருகில் உள்ளவை. ஒவ்வோர் ஆண்டும் சிலர் அகில இந்திய ஒதுக்கீட்டுக்கோ எய்ம்ஸ், ஜிப்மர் போன்ற நிறுவனங்களுக்கோ போய்விடுவதால் இடங்கள் காலியாகும். சென்ற ஆண்டு உங்கள் இடஒதுக்கீட்டு வகுப்புப் பிரிவில் இக்கல்லூரிகளின் கடைசித் தரவரிசை எங்கே நின்றது என்று சுற்றுவாரியாக எடுத்துப் பாருங்கள். மேல்விருப்பம் கிடைத்துவிட்டால் பழைய இடம் கைவிட்டுப் போய்விடும் என்பதால், உண்மையிலேயே போக விரும்பும் கல்லூரிகளை மட்டும், விரும்பும் வரிசையிலேயே இடுங்கள். இது கிடைக்காது என்று நீங்களே முடிவுசெய்து ஒரு கல்லூரியை விட்டுவிடாதீர்கள்.

உங்கள் நிலையில் இல்லாத வாசகர்களுக்காக ஒன்றைச் சேர்த்துச் சொல்கிறேன். கடனில்லாமல், நிலத்தை விற்காமல் சுயநிதிக் கல்லூரிக் கட்டணத்தைக் கட்டக்கூடிய குடும்பம் என்றால், பிள்ளைக்குப் பிடித்த இடத்தில் சேர்ப்பதில் தவறேயில்லை. பட்டியல் இன, பழங்குடி மாணவர்களில் குடும்ப வருமானம் 2.5 லட்சத்துக்குள் உள்ளவர்கள், கல்வி உதவித்தொகை எந்த அளவு கட்டணத்தை ஏற்கும் என்று விசாரித்துவிட்டு முடிவெடுக்கலாம். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் ஆண்டுக் கட்டணம் 20 லட்சத்தையும் தாண்டுவதால், கடனை நம்பி அங்கே சேர்வதை எந்த மகிழ்ச்சியின் பெயராலும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இந்த வாரத்தில் அப்பாவோடு இராமநாதபுரத்துக்கு ஒருமுறை போய்வாருங்கள். மாணவியர் விடுதியில் தண்ணீர் எப்படி, மருத்துவமனையிலிருந்து விடுதிக்கு நள்ளிரவில் நடந்துவரும் வழியில் விளக்கும் காவலும் உண்டா, புதிய மாணவிகளை மூத்தவர்கள் எப்படி நடத்துகிறார்கள் என்று அங்கேயே தங்கிப் படிக்கும் மாணவிகளிடம் கேளுங்கள். கொங்குப் பகுதியிலிருந்து வந்தவர் ஒருவராவது இருப்பார். அவருடைய எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். கடன் கணக்கை ஒரு தாளில் எழுதி, திரும்பி வரும்போது அப்பாவிடம் காட்டுங்கள். கவலைப்படாதே என்று அவர் சொல்வது அன்பினால். எந்தச் சொத்தைப் பிணை வைக்கப் போகிறார் என்று கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது.

சேர்ந்த பிறகு முதல் மூன்று மாதங்களில், தொடர்ந்து இரண்டு வாரங்கள் தூக்கமோ உணவோ குறைந்தால், அடுத்த விடுமுறை வரை பொறுத்திருக்காதீர்கள். அதே வளாகத்தில் மனநலப் பிரிவு இருக்கும். அங்கே போகத் தயக்கமாக இருந்தால் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணிலோ, தமிழ்நாட்டின் 104 மருத்துவ உதவிச் சேவையிலோ எந்த நேரத்திலும் பேசலாம். வீட்டிலும் ஒருவருக்கு இதை இப்போதே சொல்லி வையுங்கள்.