அச்சில் கோடு எங்கே, எழுத்து என்ன?

வரைபட அச்சுகளின் அளவுக்குறிகளைப் பற்றிக் கொங்கு மாவட்டங்களிலிருந்து வந்த கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். எல்லாமே பைத்தான் நிரல்மொழியில் வரைபடம் வரைய உதவும் மேட்பிளாட்லிப் லைப்ரரியைப் பற்றியவை. கட்டளைப் பெயர்களை ஒலிப்படி தமிழில் அச்சிட்டிருக்கிறோம். நிரலில் அவற்றை ஆங்கில எழுத்துகளில்தான் தட்டச்சு செய்ய வேண்டும்.

கேள்வி: பவானிசாகர் அணையின் ஓராண்டு நீர்மட்டத்தை, ஜூன் 1 முதல் நாட்களை 1, 2, 3 என்று 365 வரை எண்ணிட்டு வரைந்தேன். கீழ் அச்சில் செட்_எக்ஸ்டிக்லேபிள்ஸ் கட்டளையால் ஜூன் முதல் மே வரை பன்னிரண்டு மாதப் பெயர்களைக் கொடுத்தேன். படத்தில் ஜூலை முதல் பிப்ரவரி வரைதான் தெரிகிறது. பெரிதாக்கினால் பெயர்கள் இடம் மாறுகின்றன. செங்குத்து அச்சில் 105 அடி என்ற எண்ணும் வரவில்லை. எங்கே தவறு?
*– கல்லூரி மாணவி, கோபிசெட்டிபாளையம்*

பதில்: அளவுக்குறி ஒன்றை வரைய மேட்பிளாட்லிப் இரண்டு தனித்தனி வேலைகளைச் செய்கிறது. கோடு எந்த இடத்தில் விழ வேண்டும் என்பதை முடிவு செய்வது லொகேட்டர். அந்தக் கோட்டின் அருகே என்ன எழுத வேண்டும் என்பதை முடிவு செய்வது ஃபார்மேட்டர். நீங்கள் இரண்டாவதை மட்டும் மாற்றிவிட்டு முதலாவதை லைப்ரரியின் விருப்பத்துக்கே விட்டுவிட்டீர்கள். உங்கள் சிக்கல் முழுவதும் இதிலிருந்துதான் வருகிறது.

உங்கள் படத்தில் நடந்ததைப் பார்ப்போம். 1 முதல் 365 வரையுள்ள எண்களுக்கு, இயல்பான அளவுள்ள படத்தில், லைப்ரரி தானாகத் தேர்ந்தெடுக்கும் இடைவெளி 50. படத்தின் இரு ஓரங்களுக்கும் வெளியே ஒவ்வொரு குறியைக் கூடுதலாகக் கணக்கிட்டு வைத்துக்கொள்வதும் அதன் வழக்கம். ஆகவே குறிகள் −50, 0, 50, 100 என்று தொடங்கி 400 வரை மொத்தம் பத்து. நீங்கள் கொடுத்த பெயர்ப் பட்டியல், நாளைப் பாராமல், குறிகளின் வரிசைப்படியே ஒட்டப்பட்டது. கண்ணுக்குத் தெரியாத −50-க்கு ஜூன் போயிற்று. 0-க்கு ஜூலை, 50-க்கு ஆகஸ்ட் என்று போய் 350-இல் பிப்ரவரி நின்றது. மார்ச் மறுபுறம் மறைந்தது. ஏப்ரலுக்கும் மேக்கும் குறியே இல்லை. பெரிதாக்கும்போது லைப்ரரி புதிய குறிகளைக் கணக்கிடுகிறது, உங்கள் பட்டியலோ மறுபடியும் ஜூனிலிருந்தே ஒட்டத் தொடங்குகிறது.

இது பார்வைக்குறை மட்டுமன்று. நவம்பர் 1 உங்கள் கணக்கில் 154-ஆவது நாள். உங்கள் படத்தில் 150-இல் அக்டோபர் என்று எழுதியிருக்கிறது. வடகிழக்குப் பருவமழையில் நீர்மட்டம் உயர்வதைப் படிப்பவர் அதை ஒரு மாதம் முன்னதாகவே நடந்ததாக எடுத்துக்கொள்வார். கோடு சரியாக இருந்தும் படம் பொய் சொல்கிறது. அதனால்தான் இடத்தைக் குறிப்பிடாமல் எழுத்தை மட்டும் மாற்றும் இந்தக் கட்டளையைத் தனியாகப் பயன்படுத்தவே கூடாது என்று உறுதியாகச் சொல்கிறோம். புதிய பதிப்புகள் இதற்கு ஓர் எச்சரிக்கையும் காட்டுகின்றன. பலர் அதைப் படிக்காமல் கடந்துவிடுகிறார்கள்.

திருத்தம் எளிது. செட்_எக்ஸ்டிக்ஸ் கட்டளைக்கு முதலில் இடங்களையும் அடுத்து பெயர்களையும் ஒருசேரக் கொடுங்கள். இடங்கள்: 1, 31, 62, 93, 123, 154, 184, 215, 246, 274, 305, 335. பிப்ரவரிக்கு 28 நாள் என்ற கணக்கில் இவை ஒவ்வொரு மாதத்தின் முதல் நாட்கள். பெயர்களையும் சேர்த்து ஏற்கும் வசதி 3.5-ஆம் பதிப்பிலிருந்து இருக்கிறது. இப்போது எவ்வளவு பெரிதாக்கினாலும் நவம்பர் 154-ஐ விட்டு அசையாது.

105 அடி வராததற்குக் காரணம் வேறு. தானியங்கி லொகேட்டர் 1, 2, 2.5, 5, 10 ஆகியவற்றின் பத்து மடங்கு, நூறு மடங்கு போன்ற இடைவெளிகளையே தேர்ந்தெடுக்கும். 0 முதல் 105 வரை நீளும் அச்சில் அது 20 அடி இடைவெளியை எடுத்தால் 80, 100 என்று போகும், 105-ஐத் தொடாது. ஆனால் பவானிசாகர் படத்தைப் பார்க்கும் எந்த விவசாயியும் முதலில் தேடும் எண் அதுதான். 100 அவருக்கு வெறும் எண், 105 அணையின் முழுக் கொள்ளளவு மட்டம். கொடுத்த எண்ணின் மடங்குகளில் மட்டும் குறி வைக்கும் மல்டிபிள்லொகேட்டருக்கு 15 என்று கொடுங்கள். 105 என்பது ஏழு பதினைந்து ஆகையால் குறிகள் 0, 15, 30 என்று ஏறி, 90-ஐக் கடந்து 105-இல் வந்து நிற்கும். இடையில் சிறு குறிகள் வேண்டுமானால், செட்_மைனர்_லொகேட்டர் வழியாக 5 அடிக்கு ஒன்று வைக்கலாம். செட்_ஒய்லிம் கட்டளையால் மேல் எல்லையை 110 ஆக்கிவிட்டால் 105-இன் எழுத்து விளிம்பில் ஒட்டாமல் நிற்கும். அமராவதி அணையின் 90 அடிக்கும், ஆழியாறு அணையின் 120 அடிக்கும் இதே 15 பொருந்தும் என்பதால், மூன்று அணைகளையும் அடுத்தடுத்து வரைந்தால் ஒப்பிடவும் வசதியாக இருக்கும்.

இன்னொன்றும் செய்து பாருங்கள். கீழ்பவானி வாய்க்காலில் வழக்கமாகத் தண்ணீர் திறக்கும் ஆகஸ்ட் 15 உங்கள் கணக்கில் 76-ஆவது நாள். செட்_எக்ஸ்டிக்ஸ் கட்டளையில் 76-ஐ மட்டும் கொடுத்து மைனர் என்பதை ட்ரூ ஆக்குங்கள். பிறகு டிக்_பாராம்ஸ் கட்டளையில் ஆக்சிஸ் என்பதற்கு எக்ஸ் என்றும், விச் என்பதற்கு மைனர் என்றும், லெங்த் என்பதற்கு 8 என்றும் கொடுங்கள். பெரிய குறியின் இயல்பான நீளம் 3.5 பாயிண்ட், சிறிய குறியுடையது 2 பாயிண்ட் என்பதால், இந்த ஒரு கோடு மட்டும் நீண்டு தனியாகத் தெரியும்.

கேள்வி: பின்னலாடை நிறுவனம் ஒன்றில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். மாத விற்பனையை வரைந்தால் அச்சில் 0.2, 0.4 என்று வந்து, மூலையில் 1ஈ7 என்று ஏதோ நிற்கிறது. முதலாளிக்குப் புரியும்படி லட்சத்தில் காட்ட முடியுமா?
*– வாசகர், திருப்பூர்*

பதில்: முடியும். மூலையில் நிற்பது பத்தின் ஏழாம் அடுக்கு, அதாவது ஒரு கோடி. அச்சில் உள்ள 0.4-ஐ அதனால் பெருக்கினால் நாற்பது லட்சம் கிடைக்கும். அச்சின் எண்கள் பத்து லட்சத்தைத் தொட்டதுமே இயல்பான ஃபார்மேட்டர் இந்த அடுக்கு முறைக்கு மாறிவிடுகிறது. டிக்லேபிள்_ஃபார்மேட் கட்டளையில் ஸ்டைல் என்பதைப் பிளெய்ன் ஆக்கினால் மூலை எண் மறைந்துவிடும். ஆனால் 4000000 என்று வரும் நீண்ட எண்ணில் சுழிகளை விரல் வைத்து எண்ணிக்கொண்டிருக்க வேண்டும்.

நீங்களே ஒரு சிறு சார்பு எழுதிக்கொள்வதே நல்லது. ஃபார்மேட்டராகப் பயன்படும் சார்புக்கு மதிப்பு, வரிசை எண் என்று இரண்டு உள்ளீடுகள் வரும். இரண்டாவது உங்களுக்குத் தேவைப்படாவிட்டாலும் சார்பின் தலைப்பில் அதற்கு இடம் இருந்தாக வேண்டும். இல்லையென்றால் பிழை வரும். சார்புக்குள் மதிப்பை 100000-ஆல் வகுத்து, ஜி வடிவத்தில் எழுத்தாக மாற்றித் திருப்பி அனுப்புங்கள். அந்த வடிவம் தேவையற்ற புள்ளிச் சுழிகளை நீக்கிவிடும். பிறகு செட்_மேஜர்_ஃபார்மேட்டர் கட்டளையில் சார்பின் பெயரைக் கொடுத்தால் போதும், 3.3-ஆம் பதிப்பிலிருந்து சார்பை நேரடியாகவே ஏற்கிறது.

ஒவ்வொரு குறியிலும் "லட்சம்" என்று திரும்பத் திரும்ப எழுத வேண்டியதில்லை. பள்ளியில் வரைபடத்தாளின் மூலையில் அளவுத்திட்டத்தை ஒருமுறை எழுதுவது போல, அச்சின் தலைப்பில் "விற்பனை, லட்சம் ரூபாயில்" என்று எழுதிவிட்டு, குறிகளில் 20, 40, 60 என்று மட்டும் விடுங்கள். முழுத் தொகையே வேண்டும் என்று முதலாளி சொன்னால், பைத்தானின் இயல்பான காற்புள்ளி வடிவம் ஆயிரம், பத்து லட்சம் என்ற மேல்நாட்டு முறையில்தான் பிரிக்கும் என்பதை மறந்துவிடாதீர்கள். கடைசி மூன்று இலக்கங்களைத் தனியே எடுத்துவிட்டு, மீதியை வலமிருந்து இரண்டிரண்டாக வெட்டிக் காற்புள்ளி இட்டால் 40,00,000 கிடைக்கும்; அந்த வேலையையும் அதே சார்புக்குள் செய்துகொள்ளலாம்.

கேள்வி: மஞ்சள் ஏல விலையை நாள்வாரியாக வரைகிறேன். கீழ் அச்சு முழுவதும் ஒரே கருப்புப் பட்டையாக வருகிறது. எழுத்தைச் சாய்த்தும் பயனில்லை.
*– வாசகர், ஈரோடு*

பதில்: சாய்ப்பதால் தீராது. உங்கள் தேதிகளைக் கணினி தேதியாகவே எடுத்துக்கொள்ளவில்லை. கோப்பிலிருந்து வந்த "05-08-2024" போன்றவை எழுத்துச் சரங்களாகவே இருந்தால், மேட்பிளாட்லிப் ஒவ்வொன்றையும் தனி வகையாகக் கருதி, ஒவ்வொன்றுக்கும் ஒரு குறி போடும். முந்நூறு நாட்களுக்கு முந்நூறு பெயர்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுவதுதான் அந்தக் கருப்புப் பட்டை. அதைவிடக் கவனிக்க வேண்டிய விளைவு ஒன்று உண்டு. வகைகளாகக் கருதும்போது எல்லாவற்றுக்கும் இடையே சம இடைவெளி வந்துவிடுவதால், பொங்கலுக்கு ஏலம் நடக்காத நாட்கள் படத்திலிருந்தே காணாமல் போய்விடும். விலை ஒரே இரவில் மாறியது போலத் தோன்றும்.

தரவு அட்டவணைகளைக் கையாளும் பாண்டாஸ் லைப்ரரியின் டு_டேட்டைம் கட்டளையால் தேதிகளாக மாற்றுங்கள். அப்போது டேஃபர்ஸ்ட் என்பதை ட்ரூ என்று கொடுப்பது கட்டாயம். இல்லையென்றால் ஆகஸ்ட் 5 என்று நீங்கள் எழுதியது மே 8 ஆகிவிடும். அதன் பிறகு மந்த்லொகேட்டரையும், மாதப் பெயரைக் காட்டும் டேட்ஃபார்மேட்டரையும் வைத்தால் மாதத்துக்கு ஒரு குறி கிடைக்கும். பல ஆண்டு விலையை வரைவதானால் கன்சைஸ்டேட்ஃபார்மேட்டரைப் பயன்படுத்துங்கள். ஒரே ஆண்டை ஒவ்வொரு குறியிலும் எழுதாமல் தேவையான இடத்தில் மட்டும் எழுதும்.

கேள்வி: பழைய இயற்பியல் நூல்களில் இருப்பது போல அளவுக்குறிகள் உள்நோக்கி, நான்கு பக்கமும் வர வேண்டும்.
*– ஆய்வு மாணவர், கோவை*

பதில்: டிக்_பாராம்ஸ் கட்டளையில் டைரக்ஷன் என்பதற்கு இன் என்றும், டாப், ரைட் இரண்டுக்கும் ட்ரூ என்றும், விச் என்பதற்கு போத் என்றும் கொடுங்கள். 2017-இல் வந்த 2.0 பதிப்புக்கு முன்பு இதுவே இயல்பான தோற்றமாக இருந்தது.

கேள்வி: மாணவர்களுக்காகக் கொங்கு நகரங்களின் மழையளவைத் தமிழ்ப் பெயர்களுடன் வரைய முயன்றேன். முதலில் கட்டங்களாக வந்தன. எழுத்துருவை மாற்றியதும் எழுத்துகள் வந்தன, ஆனால் கொம்புகள் இடம் மாறி நிற்கின்றன.
*– ஆசிரியை, பொள்ளாச்சி*

பதில்: கட்டங்கள் வந்ததற்குக் காரணம், இயல்பான எழுத்துருவான டெஜாவு சான்ஸில் தமிழ் இல்லாமை. நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற ஒன்றை வைத்ததும் அது தீர்ந்தது. இரண்டாவது சிக்கல் ஆழமானது. "ஈரோடு" என்பதில் ரோவின் கொம்பு ரகரத்துக்கு முன்னால் ஏற வேண்டும், டகரமும் உகரமும் சேர்ந்து ஒரே வடிவமாக வேண்டும். பல கணினிகளில் இப்போது இருக்கும் மேட்பிளாட்லிப் பதிப்புகள், சேமிக்கப்பட்ட வரிசையில் எழுத்துத் துண்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக வைப்பதோடு நின்றுவிடுகின்றன. இந்தச் சேர்க்கையைச் செய்வதில்லை. தமிழில் படம் வரைபவர்களுக்கு இது உண்மையான இடையூறு. இதற்காக ஊர்ப்பெயர்களை ஆங்கிலத்துக்கு மாற்றிவிடாதீர்கள்.

லைப்ரரியின் பொது அமைப்புகளைக் கொண்ட ஆர்சிபாராம்ஸில் எஸ்விஜி.ஃபான்ட்டைப் என்பதற்கு நன் என்று கொடுத்து, படத்தை எஸ்விஜி கோப்பாகச் சேமியுங்கள். அப்போது லைப்ரரி எழுத்துகளை உருவங்களாக மாற்றாமல் எழுத்துகளாகவே கோப்பில் விட்டுவிடும். கோப்பை உலாவியில் திறக்கும்போது உலாவியே கொம்புகளைச் சரியான இடத்தில் வைக்கும். பார்க்கும் கணினியிலும் தமிழ் எழுத்துரு இருக்க வேண்டும் என்பதே நிபந்தனை. வினாத்தாளில் ஒட்டுவதற்கு, உலாவியிலிருந்தே பிடிஎஃப் ஆக அச்சிட்டுக்கொள்ளுங்கள். "உடுமலைப்பேட்டை", "மேட்டுப்பாளையம்" போன்ற நீண்ட பெயர்கள் கீழ் அச்சில் இடித்துக்கொண்டால், பார்எச் கட்டளையால் பட்டைகளைக் கிடைமட்டமாக வரைந்து, பெயர்களை இடப்பக்கம் நேராக வையுங்கள். மாணவர்கள் கழுத்தைச் சாய்க்காமல் படிக்கலாம்.