சவுண்ட் கார்டு வாங்குமுன் ஹெட்போனைப் பின்பக்கம் மாட்டிப் பாருங்கள்

கேள்வி: கோலாலம்பூர் செந்தூலில் இருக்கிறேன். புதுசாகக் கம்ப்யூட்டர் ஒன்று கட்டினேன். ஹெட்போன் மாட்டினால் 'கீ...' என்று மெல்லிய இரைச்சல். மவுசை நகர்த்தினால் கூடுகிறது. மதர்போர்டு ஆடியோ இப்படித்தான், 350 வெள்ளிக்கு உள்ளே தனி சவுண்ட் கார்டு போடுங்கள் என்கிறார் கடைக்காரர். பழைய பாட்டுதான் அதிகம் கேட்பேன். மகள் தேவாரம் பாடிப் பதிவு செய்ய ஆசைப்படுகிறாள். வாங்கலாமா?

பதில்: அந்த 350 வெள்ளி இப்போதைக்குப் பையிலேயே இருக்கட்டும்.

ஹெட்போனை எந்தத் துளையில் மாட்டுகிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. கேஸின் முன்பக்கம்தான் என்றால் பாதி விஷயம் அங்கேயே இருக்கிறது. அந்தத் துளைக்குப் போகும் மெல்லிய வயர், பெரும்பாலான போர்டுகளில் பின்பக்க மூலையில் கிளம்பி, கிராபிக்ஸ் கார்டுக்கு அடியில் நுழைந்து முன்னால் வருகிறது. மவுசை அசைத்தால் பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் ஒரு கணம் விழித்துக்கொள்ளும். அவை இழுக்கும் மின்சாரம் ஏறி இறங்கும். அந்த ஏற்ற இறக்கத்தை வயர் பிடித்து உங்கள் காதில் சேர்க்கிறது. ஹெட்போனைக் கழற்றி, பின்பக்கம் உள்ள பச்சைத் துளையில் மாட்டுங்கள். இரைச்சல் நின்றால் ஒரு எக்ஸ்டென்ஷன் கேபிளோடு வேலை முடிந்தது.

நிற்கவில்லையா? அப்போதும் உள்ளே போடும் கார்டு என் முதல் தேர்வு அல்ல. இரைகிற கிராபிக்ஸ் கார்டுக்குப் பக்கத்து ஸ்லாட்டில்தானே அதுவும் உட்காரப்போகிறது! நல்ல கார்டுகளுக்குத் தகட்டு மூடி இருக்கும், ஓரளவு தாங்கும். அதைவிட, டிஜிட்டலை ஒலியாக மாற்றும் வேலையையே பெட்டிக்கு வெளியே கொண்டுபோய்விடுவது நல்லது. அதற்கு யூஎஸ்பியில் செருகி ஹெட்போனை மாட்டிக்கொள்ளும் ஒரு சின்ன டாங்கிள் போதும். 100 வெள்ளிக்குள் கிடைக்கும். உள்ளே டிஏசி சில்லு, அதாவது அந்த மாற்றும் வேலையைச் செய்யும் சில்லு, இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். போனுக்கென்று விற்கும் மலிவான டைப்-சி டாங்கிள்களில் சிலவற்றுக்குள் வெறும் கம்பிதான் இருக்கும். கம்ப்யூட்டரில் அது பேசாது.

கடைக்காரர் சொன்னது ஒரு காலத்தில் நியாயமான பேச்சு. சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் 1989-இல் சவுண்ட் பிளாஸ்டரை இறக்கியபோது, சாதாரண பிசியால் 'பீப்' என்று கத்துவதைத் தாண்டி அதிகம் முடியாது. 1997-இல் இன்டெல் ஏசி'97 என்ற பொதுவான ஆடியோ தரத்தைக் கொண்டுவந்த பிறகு ஆடியோ மெல்ல மெல்ல மதர்போர்டுக்குள்ளேயே குடியேறியது. விண்டோஸ் விஸ்டாவோ கேம் ஒலியைக் கார்டே கையாளும் பழைய டைரக்ட்சவுண்ட் வழியை அடைத்துவிட்டது. இன்று நடுத்தர விலைக்கு மேற்பட்ட பல போர்டுகளில் வரும் ரியல்டெக் ஏஎல்சி1220 ஆடியோ சில்லுக்கு, ஒலிக்கும் இரைச்சலுக்கும் உள்ள இடைவெளி 120 டெசிபல் என்று போடுகிறார்கள். அது சில்லின் கணக்கு. போர்டில் ஏறியதும் குறையும். குறைந்தாலும் என்ன, சிடியின் 16 பிட்டுக்கே சுமார் 96 டெசிபல்தான். அறுபதுகளின் பாட்டில் டேப்பின் 'ஸ்ஸ்' அதற்கெல்லாம் முன்னால் கேட்டுவிடும்.

ஹெட்போனின் மின்தடை 32 ஓம் அளவில் இருந்தால் மதர்போர்டே ஓட்டிவிடும். சென்ஹைசர் எச்டி 600 மாதிரி 300 ஓம் ரகம் என்றால் சத்தம் போதாமல் போகலாம். அதற்குத் தேவை ஆம்ப்ளிஃபையர். யூஎஸ்பி ஹெட்செட்டும் புளூடூத்தும் வைத்திருப்பவர்கள் சவுண்ட் கார்டு பக்கமே போக வேண்டாம், மாற்றும் சில்லு அவற்றுக்குள்ளேயே இருக்கிறது.

ஸ்பீக்கரில் 'ம்ம்' என்று இரைந்தால் அது வேறு கதை. ஆடியோ கேபிளைக் கம்ப்யூட்டரிலிருந்து பிடுங்கியதும் நின்றுவிட்டால் பெரும்பாலும் எர்த் சுழற்சிதான் (கம்ப்யூட்டரும் ஸ்பீக்கரும் வெவ்வேறு வழியில் எர்த்தாகி, கேபிள் வழியே மின்சாரம் சுற்றுவது). கம்ப்யூட்டர், ஸ்பீக்கர் இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷனில் செருகிப் பாருங்கள். போகாவிட்டால், ஒலியை மட்டும் விட்டு அந்தச் சுற்றை அறுக்கும் ஆடியோ ஐசொலேட்டரைக் கேபிளின் நடுவில் போடலாம். மூன்று முள் பிளக்கின் எர்த் முள்ளை வெட்டிவிட்டு, மேல் துளையில் பேனாவைக் குத்தித் திறந்து திணிக்கும் வேலை மட்டும் வேண்டாம். இரைச்சல் போகும், 240 வோல்ட் வீட்டில் காவலும் சேர்ந்து போகும்.

மகளுக்குத்தான் காசு போடச் சொல்வேன். மதர்போர்டின் மைக் துளை ஹெட்செட்டில் பேச மட்டும் லாயக்கு. மெதுவாக எடுக்கும் ஆலாபனையை அதன் இரைச்சல் தின்றுவிடும். ஸ்டூடியோ கண்டென்சர் மைக்குக்கு 48 வோல்ட் வேண்டும், அது அந்தத் துளையில் வராது. ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் போன்ற யூஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒன்று, அதாவது அந்த 48 வோல்ட்டைக் கொடுத்து மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் சின்னப் பெட்டி, வாங்குங்கள். 'டைரக்ட் மானிட்டர்' வசதி இருப்பது முக்கியம்: குரல் கம்ப்யூட்டருக்குள் போய்த் தாமதமாகத் திரும்பினால் பாடுகிறவருக்குத் தாளம் தடுமாறும், இந்த வசதி குரலை நேராக ஹெட்போனுக்கு அனுப்பிவிடும். உங்கள் ஹெட்போனையும் அதிலேயே மாட்டிக் கேட்கலாம், டாங்கிள் செலவும் மிச்சம். பதிவின்போது சீலிங் ஃபேனை நிறுத்திவிடுங்கள். செந்தூல் வெயிலில் கஷ்டம்தான், ஒவ்வொரு பதிகமாக எடுத்துவிட்டுப் போட்டுக்கொள்ளலாம்.