அப்பத்தாவை நடக்க வைத்த வேலைக்கு நான் படிக்கலாமா?

கேள்வி: அன்புள்ள அக்கா, உசிலம்பட்டி பக்கம் ஒரு கிராமம் எங்களுக்கு. பிளஸ் டூ முடிக்கப் போகிறேன், பயாலஜி குரூப். போன வருஷம் அப்பத்தாவுக்கு வாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டது. மதுரை பெரியாஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகு, மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ஒரு பிசியோதெரபிஸ்ட் வந்து பயிற்சி கொடுத்தார். இப்போது வாக்கரைப் பிடித்துத் திண்ணை வரை வருகிறார். பேச்சுதான் சரியாக வரவில்லை. ஒன்று சொல்ல வந்து வேறொன்று சொல்கிறார். நான் விளக்கினால்தான் மற்றவர்களுக்குப் புரிகிறது. அந்த பிசியோ வேலை எனக்குப் பிடித்துவிட்டது. சித்தப்பாவோ, "கை கால் பிடித்துவிட எதற்கு நாலைந்து வருஷப் படிப்பு? ஆறு மாத சர்ட்டிபிகேட் போதும்" என்கிறார். பெயருக்கு முன்னால் டாக்டர் வருமா என்பது அம்மாவின் கேள்வி. என் இங்கிலீஷும் சுமார்தான். என்ன செய்யட்டும்?
(பெயர் வேண்டாம்)

பதில்: முதலில் சித்தப்பாவுக்கு. வந்தவர் காலைப் பிடித்துவிட்டுப் போகவில்லை. வாதத்தில் மூளையின் ஒரு பகுதி செயலிழக்கிறது. அது செய்த வேலையில் முடிந்ததை மற்ற பகுதிகள் பழகி எடுத்துக்கொள்ள வேண்டும். அதற்கு எந்த அசைவை, எப்போது, எத்தனை முறை செய்யச் சொல்வது என்று தெரிந்த ஆள் தேவை. தெரியாதவர் விழுந்த பக்கத்துக் கையைப் பிடித்து இழுத்துத் தூக்கினால் தோள் மூட்டு இறங்கி, வாதத்தைவிட அந்த வலி பெரிதாகிவிடும். ஆறு மாதச் சான்றிதழோடு உதவியாளராக வேலை பார்க்கலாம், அதில் குறைவொன்றும் இல்லை. ஆனால் அதை வைத்துக்கொண்டு தெரபிஸ்ட் என்று போர்டு மாட்டுவது சரியில்லை. அப்படிச் சொல்லிக் காசு வாங்கும் இடங்கள் ஊருக்கு ஊர் இருக்கின்றன, கவனம்.

உன்னிடம் நான் சொல்ல வேண்டியது வேறு. நீ பார்த்தது ஒருவரைத்தான். அப்பத்தாவுக்குத் தேவைப்பட்டதோ நாலைந்து பேர்.

எழுந்து நிற்பது, நடப்பது, விழாமல் திரும்புவது பிசியோதெரபிஸ்ட் பார்ப்பது. திண்ணைக்கு வந்துவிட்ட அப்பத்தா எப்படிச் சாப்பிடுகிறார்? வலது கை வராதபோது இடது கையால் சாப்பிட நம் பெரியவர்கள் எவ்வளவு கூசுவார்கள் என்று உனக்குத் தெரியும். ஒற்றைக் கையால் சேலை கட்ட முடிகிறதா? குத்துக்காலிட்டு உட்கார முடியாதவருக்குக் கழிப்பறையில் எதை மாற்றுவது, சுவரில் எந்த உயரத்தில் கம்பி வைப்பது? இதற்கெல்லாம் வழி கண்டுபிடிப்பவர் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். ஆட்டிசம் உள்ள குழந்தைகளோடும் அவர்களுக்கு நிறைய வேலை உண்டு. பிஓடி என்ற அந்தப் படிப்பைத் தரும் கல்லூரிகள் குறைவு, படித்து வருபவர்களும் குறைவு.

அப்பத்தாவின் பாதம் தொங்கி, நடக்கும்போது தரையைத் தேய்க்கிறதா? அதைத் தாங்கும் பிளாஸ்டிக் பட்டையை அளவெடுத்துச் செய்பவர் பிராஸ்தடிஸ்ட்-ஆர்த்தடிஸ்ட். சர்க்கரை நோயிலும் விபத்திலும் காலை இழந்தவர்களுக்குச் செயற்கைக்கால் செய்பவரும் இவரே. ஜெய்ப்பூர் கால் கேள்விப்பட்டிருப்பாய். செருப்பில்லாமல் வயலில் இறங்கவும் தரையில் சம்மணமிடவும் முடிகிற மாதிரி நம் ஊர் வாழ்க்கைக்காகவே 1960களின் கடைசியில் உருவானது அது. பட்டறை வேலையில் ஆர்வம் இருப்பவர்களுக்கு அருமையான துறை. உன் கடிதத்தில் அந்த வாடை தெரியவில்லை.

தெரிந்தது வேறொன்று. "நான் விளக்கினால்தான் மற்றவர்களுக்குப் புரிகிறது" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறாய். பெரும்பாலானவர்களுக்கு மொழியைக் கையாளும் பகுதி மூளையின் இடப்பக்கம் இருக்கிறது. உடம்பின் வலப்பக்கத்தை இயக்குவதும் அதே இடப்பக்க மூளைதான். அதனால்தான் வலது கை கால் விழுந்தவர்களில் பலருக்குப் பேச்சும் சேர்ந்து போகிறது. மனதில் இருப்பது தெளிவாக இருக்கும், வார்த்தை மட்டும் மாறி வரும். பக்கத்தில் இருப்பவர்கள் அதைப் புத்தி பேதலித்ததாக நினைத்து, அவர் முன்னாலேயே அவரைப் பற்றிப் பேசுவார்கள். நீ அப்படிச் செய்யவில்லை. உட்கார்ந்து, காத்திருந்து, என்ன சொல்ல வருகிறார் என்று கண்டுபிடித்திருக்கிறாய். ஸ்பீச் தெரபிஸ்டுக்கு முதலில் வேண்டிய குணம் அதுதான்.

அதற்கான பட்டப்படிப்பு பிஏஎஸ்எல்பி. பயிற்சி ஆண்டையும் சேர்த்து 4 ஆண்டுகள். காது கேட்கும் திறனைப் பற்றிய கேட்பியல், பேச்சு இரண்டும் அதில் அடக்கம். வாதம் வந்தவர்களுக்குக் காபி குடித்தால் புரையேறுவதைப் பார்த்திருப்பாய். விழுங்கும் சிக்கலைச் சோதித்து, எதை எந்தப் பதத்தில் கொடுக்கலாம் என்று சொல்வதும் இவர்கள் வேலை. காது கேளாத குழந்தைகளுக்கு, அறுவை சிகிச்சை செய்து உள்காதில் வைக்கும் காக்ளியர் கருவி பொருத்தினால் மட்டும் பேச்சு வந்துவிடாது. அதற்குப் பிறகு மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில், ஒலியைக் கேட்டுப் புரிந்துகொள்ளச் சொல்லித்தர வேண்டும்.

இங்கிலீஷ் சுமார் என்கிறாயே, பாடப்புத்தகம் இங்கிலீஷில்தான் இருக்கும், முதல் வருஷம் கஷ்டப்படுவாய். அப்புறம் பழகிவிடும். ஆனால் அப்பத்தா மாதிரி ஒருவரிடம் வேலை செய்ய உசிலம்பட்டிப் பேச்சு தெரிந்திருக்க வேண்டும். அது உன்னிடம் இருக்கிறது.

பிசியோ வேண்டாம் என்று சொல்லவில்லை. கல்லூரிகள் அதற்குத்தான் அதிகம், மதுரையிலேயே படிக்கலாம். நாலரை ஆண்டாக இருந்த பிபிடி என்ற பிசியோ பட்டப்படிப்பு, 2025இல் வந்த தேசியப் பாடத்திட்டத்தில் பயிற்சியோடு 5 ஆண்டாகியிருக்கிறது. ஆனால் படித்து வருபவர்களும் அதிகம் என்பதால் தனியார் இடங்களில் தொடக்கச் சம்பளம் குறைவாகத்தான் இருக்கும். அரசுத் திட்டங்களில் பல பணியிடங்கள் ஒப்பந்த அடிப்படையில்தான். உன் வீட்டுக்கு வந்தவரிடமே இதையெல்லாம் வெளிப்படையாகக் கேள். தனியாக வீடு வீடாகப் போவதில் ஒரு பெண்ணுக்கு என்ன சிரமம் என்பதையும் அவர்தான் சொல்ல முடியும்.

பணம் கட்டுமுன் ஒன்று செய். ஸ்பீச் தெரபி, செயற்கைக்கால், சிறப்புக் கல்வி, கிளினிக்கல் சைக்காலஜி என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் அங்கீகாரம் அந்தக் கல்லூரிக்கு இருக்கிறதா என்று பார். 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி, அதில் பதிவு செய்தால்தான் வேலை பார்க்க முடியும். பிசியோவும் ஆக்குபேஷனல் தெரபியும் 2021இல் வந்த வேறொரு சட்டத்தின் கீழ், அதற்கான தேசிய ஆணையத்தின் பொறுப்பில் வருகின்றன. மைசூரில் பேச்சு-கேட்பியலுக்கென்றே 1965இல் தொடங்கிய மத்திய நிறுவனமும், சென்னைக்குப் பக்கத்தில் முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடுகளுக்கான தேசிய நிறுவனமும் இருக்கின்றன. சேர்க்கை விதிகள் மாறிக்கொண்டே இருப்பதால் இந்த ஆண்டு அறிவிப்பை நீயே படி, ஏஜென்ட் சொல்வதை நம்பாதே.

அம்மாவின் டாக்டர் கேள்விக்கு டெல்லியிலேயே குழப்பம்தான். பிசியோதெரபிஸ்டுகள் அந்தப் பட்டத்தைப் போடக் கூடாது என்று 2025 செப்டம்பரில் சுகாதாரப் பணிகள் தலைமை இயக்ககம் கடிதம் போட்டது, மறுநாளே திரும்பப் பெற்றது. அதை நம்பிப் படிப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டாம் என்று சொல்லிவிடு.

விண்ணப்பம் போடுமுன் அப்பத்தாவைப் பெரியாஸ்பத்திரிக்கு அழைத்துப் போய், பேச்சுப் பயிற்சி எந்தப் பிரிவில் என்று கேள். காது மூக்கு தொண்டைப் பிரிவில் விசாரித்தால் தெரியும். ஒரு வருஷம் ஆகிவிட்டதே என்று விட்டுவிடாதே. மெதுவாக வந்தாலும் பேச்சில் முன்னேற்றம் இன்னும் வரலாம். பயிற்சியின்போது நீயும் கூடவே உட்கார அனுமதி கேட்டு, அந்த அரை மணி நேரமும் அவர் என்ன செய்கிறார் என்று பார். அதற்குப் பிறகும் பிசியோதான் என்று தோன்றினால், பிசியோவே படி.