பட்டியலின் ஒரு பகுதி மட்டும் வேண்டுமென்றால்

கேள்வி: ஆட்டோகேட் வரைபடங்களுக்காக ஆட்டோலிஸ்ப் மொழியில் சிறு நிரல்கள் எழுதி வருகிறேன். (11 22 33 44 55 66 77) போன்ற ஒரு பட்டியலின் மூன்றாவது முதல் ஆறாவது வரையுள்ள உறுப்புகளை மட்டும் எடுக்க, குறிப்பிட்ட இடத்திலுள்ள உறுப்பைத் தரும் ‘என்த்’ (nth) ஃபங்ஷனைத் திரும்பத் திரும்ப அழைப்பதைத் தவிர வேறு வழி உண்டா?

பதில்: உண்டு. லிஸ்ப் குடும்பத்தின் பிற மொழிகளான காமன் லிஸ்ப்பில் ‘சப்செக்’ (subseq), நியூலிஸ்ப்பில் ‘ஸ்லைஸ்’ என ஆயத்த ஃபங்ஷன்கள் இருக்கின்றன. ஆட்டோலிஸ்ப்பில் அப்படியொன்று இல்லாததால் நாமேதான் எழுதிக்கொள்ள வேண்டும்.

லிஸ்ப் பட்டியல் ஒரு சங்கிலி. ஒவ்வொரு கண்ணியும் தன் மதிப்பையும் அடுத்த கண்ணி இருக்கும் இடத்தையும் மட்டுமே அறியும். ஆகவே ‘என்த்’ ஒவ்வொரு முறையும் தலையிலிருந்தே நடக்கத் தொடங்குகிறது. ஏழு உறுப்புகளுக்கு அது பொருட்டல்ல. ஆயிரக்கணக்கான புள்ளிகள் கொண்ட பட்டியலில் வேகம் குறைவது கண்ணுக்கே தெரியும்.

வேலையை இரண்டாகப் பிரியுங்கள். முதலில், சொன்ன தடவைகள் சுற்றும் ‘ரிபீட்’டுக்குள், முதல் உறுப்பு நீங்கலான மீதியைத் தரும் ‘குடர்’ஐ (cdr) இரண்டு முறை இயக்கினால் (33 44 55 66 77) மிஞ்சும். இதில் எதுவும் நகலெடுக்கப்படுவதில்லை. பழைய சங்கிலியையே நடுவிலிருந்து பிடித்துக்கொள்கிறோம். அடுத்து, வெற்றுப் பட்டியல் ஒன்றைத் தொடங்கி, ஒவ்வொரு சுற்றிலும் முதல் உறுப்பைத் தரும் ‘கார்’ (car) கொடுக்கும் மதிப்பை ‘கான்ஸ்’ (cons) மூலம் அதன் முன்னால் சேர்த்து, மூலப் பட்டியலை ஒரு ‘குடர்’ நகர்த்துங்கள். நான்கு சுற்றுகளில் (66 55 44 33) கிடைக்கும். அதை ‘ரிவர்ஸ்’ செய்தால் வேண்டிய விடை வந்துவிடும். கடைசியில் திருப்புவது வீண் வேலை என்று நினைத்துப் பலர் சுற்றுக்குள்ளேயே, பட்டியலின் கடைசியில் சேர்க்க ‘அப்பெண்ட்’ (append) பயன்படுத்துகிறார்கள். அதுவரை சேர்ந்த பட்டியல் முழுவதையும் அது ஒவ்வொரு முறையும் நகலெடுக்கிறது என்பதால், அதுதான் உண்மையில் வீண் வேலை.

இரண்டாம் கட்டத்துக்கு ‘ரிபீட்’டைவிட, நிபந்தனை உண்மையாக இருக்கும்வரை சுற்றும் ‘வைல்’ (while) பாதுகாப்பானது. ஆட்டோலிஸ்ப்பில் வெற்றுப் பட்டியலின் ‘கார்’ பிழை காட்டாமல் ‘நில்’ (nil, அதாவது வெறுமை) தருவதால், பட்டியல் குட்டையாக இருந்தால் விடையின் வாலில் ‘நில்’கள் சத்தமின்றிச் சேர்ந்துவிடும். எனவே, இன்னும் எடுக்க வேண்டிய எண்ணிக்கை மிஞ்சியிருக்கிறதா, பட்டியல் தீராமல் இருக்கிறதா என்ற இரண்டையும் சோதியுங்கள்.

ஃபங்ஷனுக்குத் தொடக்க இடம், எண்ணிக்கை என்ற இரண்டையும் கொடுக்கும் முறையையே நான் விரும்புகிறேன். இடங்கள் சுழியத்திலிருந்து எண்ணப்படுவதால் மூன்றாவது உறுப்பின் இடம் 2. எனவே இங்கே அவை 2, 4. ‘சப்செக்’ கேட்பதோ தொடக்கமும் முடிவும், அதாவது 2, 6. அந்த 6ஆம் இடத்து உறுப்பு விடையில் சேராது என்பதில் தடுமாறாதவர்கள் குறைவு.

ஈமாக்ஸ் எடிட்டருக்கான ஈமாக்ஸ் லிஸ்ப்பிலும் எழுதுபவரானால், அங்கே முன்னுள்ள உறுப்புகளைத் தள்ளிவிட ‘என்த்-குடர்’ (nthcdr) உண்டு. வேண்டிய எண்ணிக்கையில் எடுத்துக்கொள்ள, 2023இல் வந்த 29ஆம் பதிப்பிலிருந்து ‘டேக்’ உண்டு. ஆனால் ‘என்த்-குடர்’ தந்த பகுதியின் முதல் மதிப்பை ‘செட்கார்’ (setcar) கொண்டு மாற்றினால் மூலப் பட்டியலும் மாறிவிடும். ஆட்டோலிஸ்ப்பில் பட்டியலை அப்படி இருந்த இடத்திலேயே மாற்றும் ஃபங்ஷன்கள் இல்லாததால் இந்த அபாயம் இல்லை.

கேள்வி: ஒரு பாலிலைனின் (பல துண்டுகள் இணைந்த ஒரே கோட்டின்) எல்லா முனைகளும் வேண்டும். குறியீட்டைக் கொண்டு பட்டியலில் தேடும் ‘அசாக்’ (assoc) முதல் முனையை மட்டுமே தருகிறதே?

பதில்: பொருந்தும் முதல் உறுப்போடு நின்றுவிடுவதே ‘அசாக்’கின் இயல்பு. இங்கே இடத்தை வைத்து வெட்டாமல், தன்மையை வைத்து வடிகட்ட வேண்டும். வரைபடப் பொருளின் விவரங்களை ‘என்ட்கெட்’ (entget) தரும் பட்டியலில், இலகு வகைப் (LWPOLYLINE) பாலிலைனின் ஒவ்வொரு முனையும் 10 என்ற குறியீட்டில் தொடங்கும். நிபந்தனைக்குப் பொருந்தாதவற்றை நீக்கும் ‘விஎல்-ரிமூவ்-இஃப்-நாட்’ (vl-remove-if-not) கொண்டு ‘கார்’ 10 ஆக உள்ளவற்றை மட்டும் வைத்துக்கொண்டு, ‘மேப்கார்’ (mapcar) வழியாக அவை எல்லாவற்றுக்கும் ‘குடர்’ஐச் செலுத்தினால், புள்ளிகள் வரைந்த வரிசையிலேயே கிடைக்கும்.