உவர்க் கிணற்றில் ஆசனிக் உண்டா?

கேள்வி: நிலாவெளிக் கடற்கரையோரமுள்ள எங்கள் கிணற்று நீரில் ஆசனிக் லீற்றருக்கு 14 மைக்ரோகிராம் என்று ஓர் ஆய்வுகூடமும், 2க்கும் குறைவு என்று இன்னொன்றும் அறிக்கை தந்துள்ளன. இரண்டுமே திணிவு நிறமாலைமானியால் அளந்தவை. எதை நம்புவது?
– வாசகர், திருகோணமலை

பதில்: முதலில் உங்கள் நீரின் உவர்ப்பைப் பாருங்கள். இக்கருவி நீரை ஆகன் பிளாஸ்மாவில் (மிகச் சூடான, மின்னேற்றமுற்ற ஆகன் வாயுவில்) அயனாக்கி, அயன்களைத் திணிவெண் வாரியாகப் பிரித்து எண்ணுகிறது. இயற்கையில் ஆசனிக்கிற்கு 75 என்ற ஒரே சமதானிதான் (ஒரே தனிமத்தின் வெவ்வேறு திணிவெண் கொண்ட வடிவம்) உண்டு. நீரிலுள்ள குளோரீன்-35 பிளாஸ்மாவின் ஆகன்-40உடன் இணைந்து உருவாகும் அயனின் திணிவெண்ணும் 75 என்பதால், கடல்நீர் கசியும் கிணற்றில் உப்பே ஆசனிக்காக எண்ணப்பட இடமுண்டு. காட்மியம் போலப் பல சமதானிகள் இருந்திருந்தால் குறுக்கீடற்ற வேறொன்றை அளந்து தப்பியிருக்கலாம்.

ஆயினும் குளோரீனே தன்னைக் காட்டிக்கொடுக்கும். அதன் 35, 37 சமதானிகள் ஏறத்தாழ 3.1:1 விகிதத்தில் இருப்பதால், குளோரீன்-37 ஆகன்-40உடன் இணைவதால் 77இல் தோன்றும் சைகையிலிருந்து, அதே திணிவெண்ணில் எண்ணப்படும் செலனியத்தின் பங்கைக் கழித்து, எஞ்சியதை 3.1ஆல் பெருக்கினால், 75இல் கலந்த பொய்ச் சைகையின் அளவு கிடைக்கும். செலனியம் மிகுந்தால் இக்கணக்கு தடுமாறும். அதைவிட நம்பகமானது, அயன்களை ஈலியம் நிரம்பிய அறையினூடாகச் செலுத்துவதாகும். பருமனான ஆகன்-குளோரீன் கூட்டயன் அதிகம் மோதிச் சக்தியை இழந்து பின்தங்க, ஆசனிக் கடந்து செல்லும்.

ஈலியம் பயன்படுத்தப்பட்டதா, அதே அளவு உப்பிட்ட தூய நீர் பூச்சியத்திற்கு அண்மிய அளவைக் காட்டியதா என்று இரு ஆய்வுகூடங்களிடமும் கேளுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு லீற்றருக்கு 10 மைக்ரோகிராம் என்பதால், விடை வரும்வரை அந்நீரைக் குடிக்காதிருப்பதே நல்லது.