காலையில் கத்தும் ஃபேன் பெல்ட்: பட்டறையில் கேட்டதும் சொன்னதும்

கும்பகோணத்தில் பட்டறை வைத்திருக்கிறேன். மாருதி 800, ஆம்னி, அம்பாசடர் என்று வயசான வண்டிகள்தான் அதிகம் வரும். இன்ஜின் சுழலும்போது ஆல்டர்னேட்டரையும் சுற்றவைக்கும் ரப்பர் பட்டைதான் ஃபேன் பெல்ட். அதைப் பற்றி நீங்கள் கேட்டவற்றுக்குப் பதில் இதோ.

பாபநாசத்திலிருந்து: அண்ணே, என் 800 காலையில எடுத்ததும் கீச்சுனு கத்துது. ரெண்டு நிமிஷத்துல அடங்கிடுது. பெல்ட் மாத்தணுமா?

ஸ்டார்ட் செய்ததில் பேட்டரி கொஞ்சம் இறங்கியிருக்கும். அதை நிரப்ப ஆல்டர்னேட்டர் திணறும்போது தளர்ந்த பெல்ட் வழுக்கிக் கத்தும். பேட்டரி தேறியதும் சத்தம் போய்விடும். இன்ஜின் ஆறியிருக்கும்போது பெல்ட்டைத் திருப்பிப் பாருங்க தம்பி. உள்பக்கம் விரிசலோ, ஓரத்தில் நூல் பிரிந்தோ, பக்கவாட்டில் கண்ணாடி மாதிரி பளபளப்போ இருந்தால் மாற்ற வேண்டியதுதான். இல்லையென்றால் இறுக்கினால் போதும். சோப்பு தேய்க்கச் சொல்வார்கள், கேட்காதீர்கள்.

மன்னார்குடியிலிருந்து: நானே மாத்துறேன். புது பெல்ட் ஏற மாட்டேங்குது, ஸ்க்ரூடிரைவர் வச்சு நெம்பலாமா?

நெம்பினால் உள்ளே நூல் அறும். வெளியே ஒன்றும் தெரியாது, அடுத்த மாதம் நடுரோட்டில் தெரியும். முதலில் பேட்டரியின் மைனஸைக் கழற்றுங்கள். ஆல்டர்னேட்டரின் கீழ் போல்ட்டையும், நீளத் துளை போட்ட பட்டையில் இருக்கும் போல்ட்டையும் தளர்த்தி, இன்ஜின் பக்கம் தள்ளினால் புது பெல்ட் கையாலேயே ஏறும். பழைய பெல்ட் கழன்றிருக்கும் நேரத்தை விடாதீர்கள்: இன்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீரை ஓட்டுகிற வாட்டர் பம்பின் புல்லியை, அதாவது பெல்ட் ஓடும் சக்கரத்தை, கையால் சுற்றி, ஆட்டிப் பாருங்கள். கரகரவென்றாலோ ஆடினாலோ பேரிங் போயிருக்கிறது.

இறுக்கம்தான் பதம். நீளமான பக்கத்தின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் ஏறக்குறைய 10 மில்லிமீட்டர் அமுங்கட்டும். வீணைத் தந்தி போல முறுக்கினால் அந்த பேரிங்தான் முதலில் சாகும். புது பெல்ட் கொஞ்சம் இளகும், கால் மணி நேரம் ஓட்டிவிட்டு வண்டியை அணைத்து மறுபடி பாருங்கள்.

வேதாரண்யத்திலிருந்து: ஆறு மாசத்துல மூணு பெல்ட் போச்சு. மட்டமான சரக்கா?

மூன்றுமா மட்டம்? உங்க ஊர் உப்புக்காற்றில் சும்மா நிற்கும் வண்டியின் புல்லி துருப்பிடிக்கும். அந்தத் துரு அரம் மாதிரி பெல்ட்டைத் தின்னும். எமரித் தாளால் தேய்த்துத் துடையுங்கள். புல்லிகள் ஒரே கோட்டில் இருக்கின்றனவா என்று நூல் பிடித்தும் பாருங்கள். நானே ஒரு ஆம்னிக்கு இரண்டு பெல்ட் மாற்றிய பிறகுதான் மேலேயிருந்து ஆயில் சொட்டுவதைக் கவனித்தேன். ஆயில் பட்ட ரப்பர் ஊறிப் பிய்ந்துவிடும். இரண்டாவது பெல்ட்டுக்கு அவரிடம் காசு வாங்கவில்லை.

திருத்துறைப்பூண்டியிலிருந்து: பழைய பெட்ரோல் அம்பாசடருக்கு டைமிங் பெல்ட் எப்ப மாத்தணும்?

டைமிங் பெல்ட் என்பது வேறு, இன்ஜின் வால்வுகள் சரியான நேரத்தில் திறந்து மூட வைப்பது. அம்பாசடரில் அந்த பெல்ட்டே கிடையாது ஐயா, செயின். 800-இல் உண்டு, ஆனால் அது வீட்டு வாசலில் செய்கிற வேலை இல்லை. பொருத்தும்போது சேர வேண்டிய குறி ஒரு பல் தப்பினாலும் இன்ஜின் ஓட்டம் கெடும்.

நாகையிலிருந்து: ராத்திரி வழியில ஃபேன் பெல்ட் அறுந்தா?

பேட்டரி விளக்கு எரிந்ததும் ஓரம் கட்டுங்கள். 800-இல் வாட்டர் பம்பும் அதே பெல்ட்டில்தான் சுற்றுகிறது. ஊர் பக்கம்தானே என்று ஓட்டினால் இன்ஜின் கொதித்து ஹெட் கேஸ்கட்டுக்குச் செலவு வைக்கும். சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். மாற்றிய பழைய பெல்ட் அறாமல் இருந்தால் 12-ஆம் நம்பர் ஸ்பேனரோடு டிக்கியில் போட்டு வையுங்கள், அடுத்த ஊர் வரை இழுக்கும்.